‘அங்கிள் சொன்னார்’ என்று எழுதினால் போதாது

1

இந்த மாதத்தோடு நான் மலாக்காவுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அறந்தாங்கியில் இருந்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது நினைவு வைத்திருந்து கேட்டிருப்பார்கள். இங்கே என் வீட்டுக்காரருக்கு மோட்டார் சைக்கிள் சாலை வரி எப்போது முடிகிறது என்பது மட்டும்தான் நினைவிருக்கும். நானும் நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்துகிற நிலைமையில் வீடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ரெம்பியாவில் ஒரு தமான். தமான் என்றால் நம் ஊர் ஹவுசிங் போர்டு காலனி மாதிரி, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். இந்தத் தமானில் எனக்கு ‘இங்கிலீஷ் ஆன்ட்டி’ என்று பெயர். புதுக்கோட்டையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்ததை ஒருநாள் வாய் தவறிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன், அன்றைக்குப் பிடித்தது. மத்தியானத்தில் பிள்ளைகள் டியூஷனுக்கு வருகிறார்கள். அவர்கள் போனதும் பெரியவர்கள் வருகிறார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு ஒரு புகார், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனின் வாடகை வீட்டுச் சொந்தக்காரச் சீனருக்கு ஒரு வாட்ஸ்அப், பள்ளிக்கு ஒரு விடுப்புக் குறிப்பு. எல்லாருக்கும் ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டும், அது சரியாக இருக்க வேண்டும்.

என் இங்கிலீஷைப் பற்றி அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை. வந்த புதிதில் என் மாமனார் இறந்தபோது வீட்டுக்காரரின் ஆபிசுக்கு நான்தான் தகவல் எழுதினேன். மாமனார் நேற்று ‘எக்ஸ்பயர்’ ஆகிவிட்டார் என்று எழுதினேன். நம் ஊரில் பேங்க் மேனேஜர்கூட அப்படித்தான் எழுதுவார். இங்கே ஆபிசிலிருந்து ஒரு பெண் போன் செய்து, மாமனாருடைய எந்தக் கார்டு காலாவதியாகிவிட்டது, அடையாள அட்டையா, லைசென்சா என்று கேட்டாள். சாவு வீட்டில் வைத்துச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு பயம். எந்த வாக்கியத்தை எழுதினாலும் மூன்று தடவை வாசித்துப் பார்ப்பேன். பிறகு என் மகள் தர்ஷினியிடம் காட்டுவேன். அவள் படிவம் ஆறில் இருக்கிறாள், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. அவளுக்குத் தமிழ் காதில் விழும், வாயில் வருவது பாதி இங்கிலீஷ்தான். நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, “யாரும் இப்படிப் பேச மாட்டாங்க லா, மா, இது கோர்ட்டு பேப்பர் மாதிரி இருக்கு” என்பாள். என் பி.ஏ.வை அவள் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு கையால் தள்ளிவிடுவாள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவளிடம் காட்டாமல் எதையும் அனுப்பியதில்லை.

2

நம் ஊரில் இங்கிலீஷ் நமக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாம் எல்லாரும் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்ட முதல் இங்கிலீஷ் வாக்கியம் எது? ‘As I am suffering from fever’ என்று ஆரம்பிக்கும் விடுப்புக் கடிதம். சித்தப்பா கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான், தேரோட்டம் பார்க்கப் போனாலும் காய்ச்சல்தான். எங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கும் வருஷம் முழுக்கக் காய்ச்சல் அடித்தது. டீச்சருக்கும் தெரியும். காற்புள்ளி விட்டுப் போயிருந்தால் திட்டுவாரே தவிர, காய்ச்சல் நிஜமா என்று கேட்கவே மாட்டார்.

இங்கே குடிநுழைவு அலுவலகத்திலும் அப்படி ஒரு வாக்கியம் எனக்குக் கைகொடுத்தது. வருஷா வருஷம் விசா புதுப்பிக்கப் போகும்போது எதற்காகத் தங்குகிறாய் என்று எழுத வேண்டும். முதல் வருஷம் நான் என் கணவரோடு வாழ்வதற்காக என்று நீளமாக, அழகாக எழுதினேன். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு ‘கணவரைப் பின்தொடர’ என்று இரண்டே வார்த்தையில் எழுதச் சொன்னார். பின்தொடரும் நாய்க்குட்டி ஆகிவிட்டேனே என்று அன்றைக்குக் கோபம். பிறகு வருஷா வருஷம் அதையே எழுதிப் பழகிவிட்டது. எழுதுவது ஒன்று, இருப்பது ஒன்று என்று இருந்தால் எந்தக் கவுண்டரிலும் வேலை நடக்கும்.

அந்தப் பழக்கத்தோடுதான் போன வியாழக்கிழமை வரைக்கும் இருந்தேன்.

3

வியாழக்கிழமை டியூஷன் பிள்ளைகள் போனபிறகு ரேவதி இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். ரேவதி எங்களுக்குப் பின்வரிசையில் குடியிருக்கும் குணாவின் மனைவி. குணாவுக்கு முப்பது வயது இருக்கும், மெர்லிமாவ் பக்கம் எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்த பையன். என் வீட்டுக்காரர் தனபாலன் சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு சின்ன கன்ட்ராக்ட் கம்பெனியில் மண்டோர். மண்டோர் என்றால் மேஸ்திரி. குணாவை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். அவன் அவரை அங்கிள் என்பான், என்னை ஆன்ட்டி என்பான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் குணா சாரத்திலிருந்து கீழே விழுந்துவிட்டான். தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் வந்து, “பையன் அவசரப்பட்டு சேஃப்டி பெல்ட் இல்லாம ஏறிட்டான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அந்த வயதுப் பிள்ளைகளின் அவசரத்தைத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன்.

ரேவதி ஒரு தாளை நீட்டினாள். கம்பெனி விசாரணைக்குக் குணா தன் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம். எண்ணெய்க் கம்பெனியின் வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதால் இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். குணாவுக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று வரி.

Uncle ask me go up fast before rain. Belt not come yet. I go up.

‘Uncle’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி.

“பேப்பரைத் திருப்பிக் குடுத்துட்டாங்க ஆன்ட்டி” என்றாள். “அங்கிள்னா யாரு, சைட்ல டீ விக்கிறவரும் அங்கிள், லோரி ஓட்டுறவரும் அங்கிள், கேட்ல நிக்கிறவரும் அங்கிள்னு அந்த சேஃப்டி ஆபிசர் சொல்றாராம். யாருன்னு கிளியரா எழுதணும், இல்லன்னா அவனா ஏறுனான்னு முடிச்சிடுவோம்னு சொல்லிட்டாரு. திங்கக்கெழம வரைக்கும்தான் டைம்.”

அவனாக ஏறினான் என்று முடித்துவிட்டால் குணாவின் பாஸ், சைட் கேட்டுக்குள் விடும் அட்டை, போய்விடும். உயரத்தில் பெல்ட் இல்லாமல் ஏறியவன் என்று ஒரு கேட்டில் பெயர் விழுந்தால் அந்த வட்டாரத்தில் வேறு எந்தக் கேட்டும் அவனை உள்ளே விடாது. கால் சரியாகி வந்தாலும் அவனுக்குத் தெரிந்த ஒரே வேலைக்கு அவனால் திரும்ப முடியாது.

நான் வெகுளியாகக் கேட்டேன், எந்த அங்கிளம்மா என்று.

ரேவதி திரும்பி வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த நீலச் சட்டையைப் பார்த்தாள். முதுகில் கம்பெனி பெயர் போட்ட சட்டை. என் வீட்டுக்காரருடையது.

“நம்ம அங்கிள்தான்” என்றாள். “குணா பேர் எழுத மாட்டேங்கிறாரு. சேத்துவிட்ட மனுசனை எப்படி எழுதறதுன்னு கேக்கறாரு. நான் உங்ககிட்ட வந்ததே அவருக்குத் தெரியாது. அங்கிள் பேரும் வரக்கூடாது, இவரு மேலயும் தப்பு இல்லன்னு தெரியணும். அப்படி ஒரு சென்டென்ஸ் நீங்கதான் ஆன்ட்டி எழுதித் தரணும்.”

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன். எழுதித் தருகிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

4

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தோடு கிடந்தேன். வீட்டுக்காரரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே என்ற பயம். அதைவிட வாக்கியத்தையே சாமர்த்தியமாக எழுதிவிட்டால் கேட்க வேண்டிய தேவையே வராதே என்று ஒரு நப்பாசை.

முதலில் ‘நான் ஏறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டேன்’ என்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதினேன். யாரால் என்று அந்த அதிகாரி அடுத்த வட்டத்தைப் போடுவார். அடித்தேன். மேலிடத்து உத்தரவுப்படி என்று எழுதினேன். எந்த மேலிடம்? அதுவும் போயிற்று. சமையலுக்கு நடுவில், துணி மடிக்கும்போது, டியூஷன் பிள்ளைகளுக்கு எழுதப் போட்டுவிட்டு, அடித்து அடித்து எழுதி மத்தியானத்துக்கு மேல் ஒன்று வந்தது.

As the rain was about to start and the belts had not yet arrived, it was decided that the work should be finished first.

மழை வருவதாக இருந்தது, பெல்ட் வந்து சேரவில்லை, எனவே முதலில் வேலையை முடிப்பது என்று முடிவு செய்யப்பட்டது. இலக்கணத்தில் ஒரு கீறல் கிடையாது. வாசித்துப் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் கல்லூரியில் இதற்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

வழக்கம்போலத் தர்ஷினியிடம் காட்டினேன். குணா விஷயம் என்று மட்டும் சொன்னேன். அவள் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்துவிட்டு வாசித்தாள்.

“கிராமர் ஓகே மா. ஆனா இதுல ஆளே இல்லையே. யாரு முடிவு பண்ணது?”

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன் போலிருக்கிறது.

“அப்பாவா?” என்றாள்.

நான் துணியை அலசக் குழாயைத் திறந்தேன். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் அவர் வந்து கூப்பிட்டபோது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்காத மாதிரி இருந்துவிட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பரீட்சை டென்ஷன் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லவே மாட்டாள். ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால், என்னை முன்னால் தள்ளிவிட்டு நீ சொல்லு என்பாள். நான் அதைக் கேலி செய்வேன். இங்கே வந்த முதல் வாரமே கவுண்டரில் புருஷன் பெயரைக் கேட்டபோது தயங்காமல் சொன்னேன், அதற்குப் பிறகு எத்தனையோ தாள்களில் ‘தனபாலன் த/பெ பெருமாள்’ என்று எழுதிவிட்டேன். அம்மாவைவிட நான் முன்னேறிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தில் அதே பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

5

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல ஹருவான் சூப்பு வைத்தேன். ஹருவான் என்பது நம் ஊர் விரால் மீன்தான். ஆபரேஷன் செய்தவர்களுக்குப் புண் ஆற இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இதைத்தான் கொடுப்பார்கள். குணா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் பாசாரில் உயிரோடு வாங்கிவருவார், நான் இஞ்சி தட்டிப் போட்டு வைத்துக்கொடுப்பேன், ஒருநாள் அவர் கொண்டுபோவார், ஒருநாள் நான். இந்த மூன்று வாரத்தில் அவர் அந்தப் பையனைப் பார்க்கப் போகாத சாயங்காலமே கிடையாது. என்ன பாசம் என்று நான் தமானில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

குணா கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். ரேவதி துணி காயப்போட வெளியே போனதும் அவனே ஆரம்பித்தான்.

“ரேவதி பேப்பரை உங்ககிட்ட கொண்டு வந்தான்னு தெரியும் ஆன்ட்டி. அங்கிள் பேர் இருந்தா நான் சைன் பண்ண மாட்டேன்.”

பாஸ் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பார்த்துக்கலாம் ஆன்ட்டி என்றான். கைப்பிள்ளைக்காரன் பார்த்துக்கலாம் என்று சொல்கிற மாதிரியே இல்லை அது. நான் விடாமல் ஏன் என்று கேட்டேன். அவன் என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தான்.

“தெனம் உங்க வீட்டு சூப்பு குடிக்கிறேன். குடிச்ச கையால அவரு பேரை எப்படி ஆன்ட்டி எழுதறது?”

அவன் குறை சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. உண்மையாகவே கேட்டான். நான் ஊற்றிக் கொடுத்தேன், அவன் குடித்தான், நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழி ஒரு சந்துதான். அந்தச் சந்தைக் கடப்பதற்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டுச் சூப்பு கொடுத்தார் என்று நான் இப்போதும் நம்பவில்லை. மனசு கேட்காமல்தான் வாங்கி வந்திருப்பார். ஆனால் மனசு கேட்காமல் கொடுத்தாலும் கணக்குப் போட்டுக் கொடுத்தாலும் சூப்பு ஒரே வேலையைத்தான் செய்திருந்தது. மூன்று வாரமாக நான் இஞ்சி தட்டிப் போட்டு அந்தப் பையனின் வாயை அடைத்திருக்கிறேன். நம்மவர்களிடம் மட்டும்தான் இப்படி நடக்கும். சோறு போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டோம், அது வேலையைக் காப்பாற்றும் வார்த்தையாக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அழகான வாக்கியத்தைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாள் எடுத்து எழுதினேன்.

My foreman, Thanabalan, asked me to go up without a belt.

அதற்குமேல் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தாள் அங்கே போனால் போவது அவருடைய பாஸ். ஐம்பதைத் தாண்டிய மண்டோரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? தர்ஷினியை இன்னும் படிக்கவைக்க வேண்டும். குணாவுக்காவது வயது இருக்கிறது என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

6

சாயங்காலம் அவர் போர்ச்சில் மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் தாளைச் சீட்டின் மேல் வைத்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு எடுத்து, எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நின்றார்.

“அவன் எழுதச் சொன்னானா?”

“இல்ல. உங்க பேர் இருந்தா கையெழுத்தே போட மாட்டானாம்.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் திங்கக்கிழமை அவன் பாஸ் போயிடும்.”

அவர் செயினைச் சுற்றிவிட்டார். அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகாமல் நின்றேன். பிறகு அவராகவே சொன்னார். அன்றைக்குக் கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்ததாம். பாதி அடித்த பெயின்டில் மழை விழுந்தால் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டும். மேலதிகாரி போனுக்கு மேல் போன் அடித்திருக்கிறார். பெல்ட் எல்லாம் இன்னொரு சைட்டிலிருந்து லோரியில் வந்துகொண்டிருந்தது. குணா பெல்ட் எங்கே என்று கேட்டிருக்கிறான். ஏறு, வந்துவிடும் என்று இவர் சொல்லியிருக்கிறார். முந்தின ராத்திரி மழையில் சாரத்துப் பலகை ஈரமாக இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

விசாரணையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ஏறியதை நான் பார்க்கவில்லை என்று மலாயில் சொல்லிவிட்டாராம். வாயில் வந்துவிட்டதாம். வந்தபிறகு எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லையாம்.

“பயந்துட்டேன்” என்றார்.

இந்த மனிதர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. திட்டலாம் என்று வந்தவளுக்குத் திட்ட வரவில்லை. எனக்கும் அதே பயம்தான், அதே காரணங்களுக்காகத்தான் என்று சொன்னேன்.

அவர் தாளை மறுபடியும் எடுத்தார்.

“அந்தப் பையன் கையால என் பேரை எழுத வைக்காத. எழுதிட்டான்னா அப்புறம் காலம் பூரா என் முகத்தைப் பாக்க மாட்டான். அவன் அங்கிள்னே எழுதட்டும். அந்த அங்கிள் நான்தான்னு நான் எழுதித் தரேன். நீ இங்கிலீஷ்ல போடு.”

மலாயிலேயே எழுதலாமே என்றேன். மலாயில் சொன்னது பொய், இது அவர்கள் எல்லாரும் படிக்கிற மொழியில் இருக்கட்டும் என்றார். நான் பேனாவும் அட்டையும் எடுத்துக்கொண்டு போர்ச்சிலேயே உட்கார்ந்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். குணாவின் வாக்கியத்தில் இருந்த அதே ‘ஆஸ்க்’ என் கைக்கு வந்தது, அதைப் போட்டு, ஏறும்படி கேட்டேன் என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

“கேக்கலையே. கேட்டிருந்தா அவன் மாட்டேன்னு சொல்லியிருப்பான். சொன்னேன். சொன்னேன்னே போடு.”

மாற்றினேன். பிறகு எங்களுக்குள் சண்டை வந்தது. மேலிடத்துப் போன், மழை, லோரி எல்லாவற்றையும் நான் முன்னால் போடப் பார்த்தேன். அவர் அதெல்லாம் வேண்டாம், எடு என்றார். அதுவும் நடந்ததுதானே, அதை ஏன் மறைக்க வேண்டும் என்று நான் விடவில்லை. உங்களைக் காப்பாற்ற எனக்கு அந்த ஒரு வரியாவது வேண்டும் என்று சத்தம் போட்டேன். சத்தம் கேட்டுத் தர்ஷினி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என் கையிலிருந்த தாளை வாங்கி வாசித்தாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

“ரீசன் இருக்கட்டும்பா” என்றாள். “ஆனா பின்னால போடுங்க. ஃபர்ஸ்ட்ல நீங்க பண்ணது இருக்கணும்.”

அப்படியே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்ட தாளின் முதல் இரண்டு வாக்கியங்கள் இவை.

I am the uncle he means. I told him to go up without a belt.

குணா சொல்லும் அங்கிள் நான்தான். பெல்ட் இல்லாமல் ஏறும்படி நான்தான் அவனிடம் சொன்னேன். அவருடைய ‘நான்’-ஐ என் கையெழுத்தில் எழுதியபோது, என்னைப் பற்றி எழுதிய மாதிரிதான் எனக்கு இருந்தது.

7

திங்கட்கிழமை காலையில் அவர் குணாவின் வீட்டுக்குப் போய், அவன் எழுதிய தாளில் எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே கையெழுத்துப் போடு என்று சொல்லி வாங்கிக்கொண்டார். தன்னுடைய தாளை அவனிடம் காட்டவில்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். இந்தத் தமானில் மோட்டார் சைக்கிளுக்கா பஞ்சம். ரேவதி ஒருமுறை வேலி ஓரமாக வந்து, என்ன எழுதினீங்க ஆன்ட்டி, இவரு எதையும் மாத்தவே இல்லங்கிறாரே என்று கவலையோடு கேட்டாள். அங்கிள் கொண்டுபோயிருக்கிறார், வரட்டும் என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொன்னால் உடைந்துவிடுவேன் போலிருந்தது.

உச்சிக்கு முன்னாலேயே அவர் திரும்பி வந்துவிட்டார். வேலை நாளில் அந்த நேரத்தில் அவரை வீட்டு வாசலில் நான் பார்த்ததில்லை. கழுத்தில் எப்போதும் தொங்கும் பாஸ் இல்லை. காலணிகளைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன ஆச்சு என்று நான்தான் கேட்டேன்.

குணாவின் மேல் தப்பு இல்லை என்று அங்கேயே எழுதிக்கொண்டார்களாம். கால் சரியானதும் அவன் வேலைக்கு வரலாம். இவருடைய பாஸை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, மேலே பேசிவிட்டுச் சொல்கிறோம், அதுவரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எப்போது சொல்வார்கள் என்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

“இதை யாரு எழுதுனதுன்னு அந்த ஆபிசர் கேட்டாரு” என்றார். “என் பொண்டாட்டின்னு சொன்னேன். இதனால உனக்கு என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“தெரியும்னு சொன்னேன். தெரிஞ்சுதான் எழுதுனா, அடிச்சு அடிச்சு எழுதுனான்னு சொன்னேன்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஏதோ பெருமை மாதிரி ஒன்று தெரிந்தது. எனக்கு அந்தப் பெருமை வேண்டியிருக்கவில்லை. பாஸைத் திருப்பித் தரும் ஒரு போன் வந்தால் போதும் என்றிருந்தது. இதை எழுதும் இந்த நிமிஷம் வரைக்கும் வரவில்லை.

சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். காலையில் வைத்த சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் இருந்தன. இரண்டு தட்டு வைத்துப் பரிமாறினேன். அவர் தலையைக் குனிந்து வேக வேகமாகச் சாப்பிட்டார், சோறு இன்னும் கொஞ்சம் போடு என்றார், பிறகு சாம்பாரையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். நான் பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.